ஆப்பிரிக்க சஃபாரி: எந்தக் காடு, எந்த மாதம், எத்தனை இரவு

ஆப்பிரிக்கக் காடுகளுக்கு இதுவரை மூன்று முறை சென்று வந்திருக்கிறோம். முதலாவது, ஓர் ஆகஸ்ட் மாதத்தில் கென்யாவையும் வட தான்சானியாவையும் ஒரே வாரத்தில் சுற்றிய பயணம். இரண்டாவது, அம்மாவையும் அழைத்துக்கொண்டு பிப்ரவரியில் வட தான்சானியாவுக்கு மட்டும் சென்றது. மூன்றாவது, ஜூன் மாதத்தில் தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் தேசியப் பூங்காவில் நாங்களே கார் ஓட்டிக்கொண்டு சுற்றியது. ஊர் திரும்பியதிலிருந்து உறவினர்களும் அலுவலக நண்பர்களும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: எந்தக் காடு சிறந்தது? அந்தக் கேள்விக்கு, நீங்கள் எந்த மாதம் விடுப்பு எடுக்கப்போகிறீர்கள் என்று தெரியாமல் என்னால் பதில் சொல்ல முடிவதில்லை. மாதம் தெரிந்துவிட்டால் காடு தானாகவே அமைந்துவிடுகிறது. அதற்கு மேல் எத்தனை இரவு தங்குவது என்பதை மட்டும் நாம் முடிவு செய்தால் போதும். இதை முதல் பயணத்தில் நிறையச் செலவழித்துத்தான் கற்றுக்கொண்டோம்.

அந்தப் பயணத்தை ஏற்பாடு செய்த நிறுவனத்தின் பெயரைச் சொல்ல விரும்பவில்லை; ஏனெனில் அப்படிப்பட்ட திட்டத்தை இன்றும் பலர் விற்கிறார்கள், நாங்களும் விரும்பித்தான் வாங்கினோம். ஏழு நாள், ஆறு காடுகள். கென்யாவில் அம்போசெலி, மாசாய் மாரா; எல்லை தாண்டித் தான்சானியாவில் செரெங்கெட்டி, கொரோங்கோரோ, மன்யாரா ஏரி, தரங்கிரே. அச்சிட்ட தாளில் பார்த்தபோது கொடுத்த பணத்துக்கு நிறையக் கிடைப்பதாகத் தோன்றியது. நேரில் நடந்தது வேறு. விடிகாலையில் விலங்குகள் சுறுசுறுப்பாக இருக்கும் வேளையில் நாங்கள் பெட்டிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தோம். மாலையில் சிங்கங்கள் எழுந்து சோம்பல் முறிக்கும் வேளையில் அடுத்த விடுதியைத் தேடிப் புழுதிச் சாலையில் குலுங்கிக்கொண்டிருந்தோம். ஏழு நாளில் காட்டுக்குள் நின்று நிதானமாகப் பார்த்த நேரத்தைக் கூட்டினால் இரண்டு முழு நாள்கூடத் தேறாது.

அந்த வாரத்தின் கடைசி நாள் மாலையில்தான் தரங்கிரேவுக்குள் நுழைந்தோம். ஆறு பெரும்பாலும் வற்றி, மணல் மேடுகளுக்கு நடுவே ஆங்காங்கே மட்டும் நீர் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு பெண் யானை முன்னங்காலால் மணலைத் தள்ளித் தள்ளிக் குழி பறித்தது. ஓடும் நீர் பத்து அடியில் இருக்க, அது கலங்கிக் கிடந்ததால் அதைத் தொடாமல், மணலுக்கு அடியில் வடிகட்டிய நீரை அது தேடியது. கோடையில் வைகையில் எங்கள் ஊர்ப் பெண்கள் ஊற்றுத் தோண்டுவார்களே, அதே வேலைதான். குழியில் நீர் ஊறும்வரை தும்பிக்கையைத் தொங்கவிட்டுக் காத்திருந்தது. குட்டி பொறுமையில்லாமல் குழிக்குள் தலையை நுழைத்து மணலைச் சரிக்க, தாய் அதைக் காலால் மெல்ல ஓரம் தள்ளிவிட்டு மறுபடி பறிக்கத் தொடங்கியது. இப்படி நான்கு முறை நடந்தது. ஐந்தாவது முறை நீர் ஊறுவதற்குள், வாயில் மூடும் நேரம் நெருங்குகிறது என்று ஓட்டுநர் வண்டியைக் கிளப்பிவிட்டார். அவர்மீது குறை சொல்ல ஒன்றுமில்லை. நேரம் அப்படி வகுக்கப்பட்டிருந்தது. அந்தக் குட்டி நீர் குடித்ததா என்று இன்றுவரை என் மனைவி கேட்கிறாள்.

ஆகவே தரங்கிரேவிலிருந்தே தொடங்குகிறேன். 1970இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட இந்தக் காட்டின் பரப்பு ஏறத்தாழ 2,850 சதுர கிலோமீட்டர். வட தான்சானியப் பயணங்கள் தொடங்கும் அருஷா நகரிலிருந்து நல்ல தார்ச் சாலையில் இரண்டு, இரண்டரை மணி நேரத்தில் வந்துவிடலாம். அப்படியிருந்தும் பல திட்டங்களில் இதைச் செரெங்கெட்டிக்குப் போகிற வழியில் எட்டிப் பார்க்கும் இடமாகவே வைத்திருக்கிறார்கள். ஜூன் முதல் அக்டோபர் வரையிலான வறண்ட மாதங்களில் இது நியாயமே இல்லை. மழைக்காலத்தில் கிழக்கே சிமான்ஜிரோ சமவெளியில் சிதறி மேயும் வரிக்குதிரைகளும், மாடுபோல் தோன்றும் மானினமான வில்டபீஸ்ட்களும், யானைகளும், அங்கே நீர் வற்றியவுடன் தரங்கிரே ஆற்றை நாடி வருகின்றன. சுற்றுவட்டாரத்தில் அந்தப் பருவத்தில் நம்பக்கூடிய நீர் அது ஒன்றுதான். எனவே ஆற்றங்கரையில் ஒரே இடத்தில் வண்டியை நிறுத்திவிட்டு உட்கார்ந்தால் போதும். கூட்டம் கூட்டமாக யானைகள் நம்மைத் தேடி வருவதுபோல் வந்து சேரும். அதே காட்டுக்கு பிப்ரவரியில் மூன்று இரவு ஒதுக்கினால், புல் உயர்ந்து, விலங்குகள் கலைந்து போய், இவ்வளவு புகழ்கிறார்களே என்ற ஏமாற்றமே மிஞ்சும்.

இங்கே யானைகளுக்கு அடுத்தபடியாக மனத்தில் நிற்பவை பாவோபாப் மரங்கள். மன்னார் பள்ளிமுனையில் நிற்கும் பெருக்க மரத்தைப் பார்த்தவர்களுக்கும், இராமநாதபுரம் பக்கம் பொந்தன்புளி என்று சொல்லக் கேட்டவர்களுக்கும் இது புதிய மரமில்லை. ஆனால் அங்கே ஒற்றை மரமாகப் பார்த்ததை இங்கே மேடு முழுவதும் காண்கிறோம். பல மரங்களில் ஆள் உயரத்துக்கு மேல் பட்டை உரிந்து, உள்ளே நார் தெரிகிறது. வறட்சியில் யானைகள் தந்தத்தால் குத்திக் கிழித்து ஈரமான நாரைச் சுவைத்த தழும்புகள் அவை. ஒரு குறையையும் சொல்லிவிட வேண்டும்: செட்சி ஈக்கள் இங்கே அதிகம், துணியைத் தாண்டிக் கடிக்கின்றன. கருநீலமும் கறுப்பும் அவற்றை ஈர்க்கும் நிறங்கள் என்பதால் ஜீன்ஸைத் தவிர்த்து, வெளிர் பழுப்பு நிற ஆடைகளை எடுத்துச் செல்வது நல்லது.

மன்யாரா ஏரியைப் பற்றி நீட்டிச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. நிலத்தடி நீர் ஊற்றுகளால் வளர்ந்த காடு அழகானது, பூநாரைகள் வருகின்றன, பறவை ஆர்வலர்களுக்கு ஒரு முழு நாள் இன்பமாகக் கழியும். ஆனால் அங்கே மரமேறும் சிங்கங்கள் உண்டு என்பதை முன்வைத்துத்தான் பெரும்பாலும் விற்கிறார்கள். அவை தரிசனம் தருவது அரிது. செரெங்கெட்டியின் நடுப்பகுதியிலும் சிங்கங்கள் மரமேறி உறங்குவதைப் பார்க்கலாம். நாள்கள் குறைவாக இருந்தால் மன்யாராவை விட்டுவிட்டு அந்த இரவை வேறு காட்டில் சேர்ப்பதே சரி. போகிற வழியில் உள்ள ம்டோ வா ம்பு என்ற சிற்றூரில் மட்டும் வண்டியை நிறுத்துங்கள். கொசு ஆறு என்பது அந்தப் பெயரின் பொருள். அங்கே நம் செவ்வாழையைப் போன்ற சிவப்பு வாழைப்பழம் சீப்புச் சீப்பாகத் தொங்குகிறது.

கொரோங்கோரோ பற்றி எனக்கு இரண்டு மனம் உண்டு. ஏறத்தாழ 20 முதல் 30 லட்சம் ஆண்டுகளுக்கு முன் ஓர் எரிமலை வெடித்துத் தன்னுள்ளேயே சரிந்ததால் உண்டான பள்ளம் அது; 600 மீட்டர் ஆழம், அடித்தளம் மட்டும் 260 சதுர கிலோமீட்டர். விளிம்பு 2,300 மீட்டர் உயரத்தில், ஏறக்குறைய உதகை அளவுக்கு இருப்பதால் காலையில் மூடுபனியும் நடுக்கமும் நிச்சயம். அம்மாவுக்குக் கம்பளிச் சால்வை எடுத்துவராததற்கு மிகவும் வருந்தினேன். பனி விலகி, கீழே வெயில் பட்ட தரை முதன்முதலாகத் தெரியும் அந்த நிமிடத்துக்காகவே இங்கே வரலாம். சிங்கம், கழுதைப்புலி, எருமை, வரிக்குதிரை, நீர்யானை எல்லாம் அரை நாளில் கண்ணில் பட்டுவிடுகின்றன. நடக்கச் சிரமப்படும் முதியவர்களுக்கும் பொறுமை குறைந்த சிறுவர்களுக்கும் இவ்வளவு எளிதான இடம் வேறில்லை. கறுப்புக் காண்டாமிருகத்தை இந்த வட்டாரத்தில் பார்க்க நல்ல வாய்ப்புள்ள இடமும் இதுவே. ஆனால் நாங்கள் பார்த்தது தொலைநோக்கியில் ஒரு கரும்புள்ளியாகத்தான். லெராய் என்ற மஞ்சள்பட்டை வேல மரக் காட்டில், தரையைத் தொடுவதுபோல் நீண்ட தந்தங்களோடு வயதான ஆண் யானைகள் தனியே நடக்கின்றன. ஒட்டகச்சிவிங்கியை மட்டும் பள்ளத்துக்குள் தேட வேண்டாம். அது மேலே விளிம்பில்தான் கிடைக்கும்.

மற்றொரு மனம் செலவையும் நெரிசலையும் பற்றியது. நாங்கள் சென்றபோது ஒவ்வொருவருக்கும் வரியோடு 70.80 டாலர் நுழைவுக் கட்டணம். அதற்கு மேல் பள்ளத்துக்குள் இறங்க வண்டிக்கு 295 டாலர். சாலைகள் குறைவு என்பதால் ஒரு சிங்கம் படுத்திருந்தால் வண்டிகள் வரிசையாக நின்றுவிடுகின்றன. எனவே ஒரு முறை இறங்கினால் போதும் என்பது என் முடிவு. விளிம்பிலேயே முந்தைய இரவு தங்கி, வாயில் திறந்ததும் இறங்கி, மற்றவர்கள் வந்து சேரும் வேளையில் மேலே ஏறிவிடுவது நல்லது.

இந்த நிலத்தைப் பற்றி இன்னொன்றையும் தெரிந்துகொண்டு போக வேண்டும். 1959இல் செரெங்கெட்டியிலிருந்து வெளியேற்றப்பட்ட, மாடு மேய்த்து வாழும் மாசாய் மக்களுக்கு, மனிதரும் கால்நடையும் வனவிலங்கும் சேர்ந்து வாழும் இடமாகப் பிரித்துக் கொடுக்கப்பட்டதுதான் கொரோங்கோரோ பாதுகாப்புப் பகுதி. 2022 முதல் அவர்களை அங்கிருந்து ஹண்டேனி மாவட்டத்தின் ம்சோமேரா கிராமத்துக்கு இடம்பெயர்க்கும் திட்டம் நடக்கிறது. அரசு அதை விருப்பத்தின்பேரில் நடப்பது என்கிறது, மாசாய் மக்களில் பலர் அதை மறுத்துப் போராடுகிறார்கள். சாலையோரத்தில் சிவப்புப் போர்வையோடு மாடு ஓட்டிச் செல்லும் சிறுவனைப் படம் எடுக்கக் கையை உயர்த்தும்போது, அவன் வீட்டார் இந்தக் கவலையில் இருக்கலாம் என்ற நினைவு நமக்கு இருக்க வேண்டும்.

இனி செரெங்கெட்டி. இதன் பரப்பு 14,763 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டின் பரப்பில் ஏறத்தாழ ஒன்பதில் ஒரு பங்கு. நம் முதுமலைப் புலிகள் காப்பகம் 688 சதுர கிலோமீட்டர்தான். ஆகவே திட்டத்தாளில் 'செரெங்கெட்டியில் இரண்டு இரவு' என்று மட்டும் எழுதியிருந்தால், செரெங்கெட்டியில் எங்கே என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்விக்குத் தெளிவான பதில் சொல்லாத முகவரிடம் முன்பணம் கட்டாதீர்கள். மேய்ச்சல் கூட்டங்கள் மாதத்துக்கு மாதம் இடம் மாறுவதால் நாம் தங்கும் இடமும் மாற வேண்டும். டிசம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரை தெற்கே ண்டுட்டு வட்டாரம். மே, ஜூனில் மேற்கே குருமெட்டி ஆற்றுப் பகுதி. ஜூலை முதல் அக்டோபர் வரை வடக்கே மாரா ஆற்றங்கரையில் உள்ள கொகட்டெண்டே. எந்த மாதமும் ஏமாற்றாத இடம் நடுவில் உள்ள செரொனேரா. நடுப்பகுதியிலிருந்து கொகட்டெண்டேவுக்கே நாலைந்து மணி நேரம் ஓட்ட வேண்டும் என்பதால், ஓரிடத்தில் தங்கி இன்னோரிடத்தைப் பார்த்துவிடலாம் என்பது நடக்காது.

இந்த மாத வரிசைக்குப் பின்னால் மண்ணும் மழையும் இருக்கின்றன. சுமார் 13 முதல் 15 லட்சம் வில்டபீஸ்ட்களும், அவற்றோடு ஓரிரு லட்சம் வரிக்குதிரைகளும், மான் கூட்டங்களும் ஆண்டு முழுவதும் வட்டமாக நகர்ந்துகொண்டே இருக்கின்றன. தெற்குச் சமவெளியின் மண், ஓல் டொய்ன்யோ லெங்காய் போன்ற எரிமலைகள் கக்கிய சாம்பலால் ஆனது. அடியில் இறுகிய படலம் இருப்பதால் மரம் வேர்விடாது; குட்டைப் புல் மட்டும் வளரும், அந்தப் புல்லில் பால் சுரப்புக்கும் எலும்புக்கும் வேண்டிய சுண்ணாம்புச் சத்து நிறைந்திருக்கும். எனவே தாய்கள் ஈனுவதற்கு அங்கே வருகின்றன. மரமில்லாத வெளியில் எதிரி வருவதும் தூரத்திலேயே தெரிந்துவிடும். மழை நின்றதும் அங்கே குடிக்க நீர் இருக்காது. அதனால் மேற்காகவும் வடக்காகவும் நடந்து, ஆண்டு முழுவதும் நீர் ஓடும் மாரா ஆற்றை அடைகின்றன. மழை முந்தினால் அவையும் முந்தும், பிந்தினால் பிந்தும். எந்த நிறுவனமும் அவை மாரா ஆற்றைக் கடக்கும் காட்சியைத் தேதி குறித்து உறுதியளிக்க முடியாது. அப்படி உறுதியளித்தால் அது பொய்.

பிப்ரவரியில் ண்டுட்டுவில் நாங்கள் மூன்று இரவு இருந்தோம். இரண்டாம் நாள் காலை ஏழரை மணிக்கு, வண்டியிலிருந்து நாற்பது அடி தூரத்தில் ஒரு வில்டபீஸ்ட் படுத்தது, எழுந்தது, இரண்டு சுற்றுச் சுற்றி மறுபடி படுத்தது. குட்டியின் முன்னங்கால்கள் இரண்டும் ஏற்கெனவே வெளியே தெரிந்தன. எங்கள் ஓட்டுநர் இன்ஜினை அணைத்துவிட்டுப் பேசவேண்டாம் என்று சைகை காட்டினார். குட்டி நழுவி விழுந்ததும் தாய் திரும்பி நக்கத் தொடங்கியது. குட்டி எழ முயன்று முகம் குப்புற விழுந்தது. மறுபடி எழுந்து பின்னங்கால் பிரிந்து விழுந்தது. மூன்றாம் முறை நின்று, காற்றில் ஆடும் கொடிபோல் தள்ளாடியது. என் மனைவி கடிகாரம் பார்த்தாள்: ஏழு நிமிடம். பத்து நிமிடத்தில் தாயின் விலாவை ஒட்டி ஓடியது. மாட்டுத்தொழுவத்தில் எத்தனையோ கன்று ஈன்றதைப் பார்த்த அம்மா, நம் கன்று இவ்வளவு விரைவாக எழாதே என்று வியந்துகொண்டே இருந்தார். சற்றுத் தள்ளி ஒரு கழுதைப்புலி உட்கார்ந்து இதே காட்சியைப் பார்த்துக்கொண்டிருந்தது. உச்சகட்ட வாரங்களில் ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கான குட்டிகள் இப்படிப் பிறக்கின்றன. எல்லாம் ஒரே நேரத்தில் பிறப்பதால்தான், வேட்டையாடும் விலங்குகள் தின்று தீர்க்க முடியாமல் பெரும்பாலானவை பிழைக்கின்றன.

ண்டுட்டுவில் இன்னொரு வசதியும் உண்டு. அது கொரோங்கோரோ பாதுகாப்புப் பகுதியின் எல்லைக்குள் வருவதால், சில கட்டுப்பாடுகளோடு சாலையை விட்டு விலகி ஓட்ட அனுமதி இருக்கிறது. செரெங்கெட்டிப் பூங்காவுக்குள் அது கூடாது. அதனால் சிவிங்கிப்புலிகளை மிக அருகில் பார்க்க முடிகிறது. நம் நாளிதழ்கள் லெப்பர்டையும் சீட்டாவையும் பல நேரம் சிறுத்தை என்றே எழுதிவிடுகின்றன. மரத்தில் ஏறி இரையைத் தொங்கவிடுவது சிறுத்தை, வெட்டவெளியில் ஓடிப் பிடிப்பது சிவிங்கிப்புலி. சிவிங்கிப்புலி பகலில் வேட்டையாடும் விலங்கு என்பதால் வண்டிகள் சூழ்ந்தால் வேட்டை கெட்டு, குட்டிகள் பட்டினி கிடக்கும். சாலை விலக அனுமதி இருக்கிறது என்பதற்காக மிக அருகில் போகச் சொல்லி ஓட்டுநரை நெருக்காதீர்கள். நம்மவர்கள் சிலர் கூடுதல் பணம் கொடுத்து அப்படிக் கேட்பதைக் கண்ணால் கண்டு வெட்கப்பட்டேன்.

செரொனேராவில் இரண்டு இரவு. ஆற்றோரம் சுரைக்காய் போன்ற காய்கள் தொங்கும் மரங்களில் சிறுத்தையைத் தேட வேண்டும். கிளையிலிருந்து தொங்கும் வால்தான் முதலில் தெரியும். அங்கங்கே உருண்டைப் பாறைக் குன்றுகளின் மேல் சிங்கங்கள் வெயில் காய்கின்றன. நடுவே நிற்கும் குடை விரித்த வேல மரங்களைப் பார்த்ததும் இராமநாதபுரம், தூத்துக்குடிப் பக்கத்துக் குடைவேல மரங்கள் நினைவுக்கு வந்தன. இரண்டும் நெருங்கிய உறவுள்ள மரங்கள்தாம். செரெங்கெட்டிக் கட்டணம் அப்போது ஆளுக்கு 24 மணி நேரத்துக்கு வரியோடு 82.60 டாலர். இங்கே கவனிக்க வேண்டிய கணக்கு ஒன்று உண்டு: அருஷாவிலிருந்து சாலை வழியே செரெங்கெட்டிக்குப் போகிறவர்கள் வழக்கமான வழியில் கொரோங்கோரோவைக் கடந்துதான் போக வேண்டும், போகும்போதும் திரும்பும்போதும் அங்கே கட்டணம் உண்டு. அதனால் போவதைச் சாலையிலும், திரும்புவதைச் செரொனேராவிலிருந்து சிறு விமானத்திலும் வைத்துக்கொண்டோம். கட்டணமும் ஒரு முழு நாளும் மிச்சமாயின. அந்த விமானங்களில் ஆளுக்கு 15 கிலோதான், அதுவும் மடங்கக்கூடிய பையில்தான் ஏற்றுவார்கள் என்பதை நினைவில் வையுங்கள்.

கென்யாவின் மாசாய் மாரா இதே நிலத்தின் வடக்குத் தொடர்ச்சி. 1,510 சதுர கிலோமீட்டர். சிங்கமும் சிவிங்கிப்புலியும் எளிதாகக் கிடைக்கும் காடு. ஆனால் 2024 முதல் ஜூலையிலிருந்து டிசம்பர் வரை வெளிநாட்டவருக்கு நாளொன்றுக்கு 200 டாலர், மற்ற மாதங்களில் 100 டாலர். அதுவும் காலை ஆறு முதல் மாலை ஆறு வரைதான் செல்லும். ஆகஸ்டில் ஆறு கடக்கும் இடங்களில் வண்டிகள் குவிவது ஊரறிந்த செய்தி. அந்தப் பருவத்தில் மாராதான் வேண்டுமென்றால் காப்பகத்தை ஒட்டிய நபோய்ஷோ, ஓலாரே மொடோரோகி போன்ற கன்சர்வன்சிகளில் தங்குங்கள். மாசாய் நில உரிமையாளர்களுக்கு மாதந்தோறும் குத்தகை கொடுத்து நடத்தப்படும் அந்த நிலங்களில் படுக்கை எண்ணிக்கைக்கே வரம்பு உண்டு. ஒரு விலங்கருகே நிற்கும் வண்டிகளும் குறைவு. இரவிலும் வண்டியில் போகலாம், காவலரோடு நடந்தும் போகலாம். விலை கூடுதல்தான், ஆனால் பணம் எங்கே போகிறது என்று தெரிகிறது. அம்போசெலி 392 சதுர கிலோமீட்டர் மட்டுமே; யானைகளுக்குப் பின்னால் 5,895 மீட்டர் உயரக் கிளிமஞ்சாரோ தெரிய வேண்டுமானால் விடிகாலையில் அங்கே இருக்க வேண்டும்; மேகம் ஏறிவிட்டால் மலையே இல்லை. அதனால் இரண்டு காலைகளாவது ஒதுக்காமல் போகாதீர்கள்.

க்ரூகர் முற்றிலும் வேறு அனுபவம். 19,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் விரிந்த பூங்கா, 1926இல் அமைந்தது, வடக்குத் தெற்காக 360 கிலோமீட்டர். இங்கே வாடகைக் காரை நாமே ஓட்டலாம். தார்ச் சாலையில் மணிக்கு 50, மண் சாலையில் 40 கிலோமீட்டருக்கு மேல் போகக்கூடாது. வண்டியை விட்டு இறங்கக்கூடாது. ஜூனில் வாயில்கள் காலை 6 மணிக்குத் திறந்து மாலை 5.30 மணிக்கு மூடப்படுகின்றன, அதற்குள் முகாமுக்குத் திரும்பியாக வேண்டும். ஸ்குகூசா, சடாரா, லோயர் சாபி போன்ற அரசு முகாம்களில் சமையலறையோடு கூடிய குடில்கள் கிடைக்கின்றன. குக்கரில் சாதமும் பருப்பும் வைத்துக் கட்டிக்கொண்டு போய், மதியம் நீர்நிலையருகே வண்டியை நிறுத்தி, கண்ணாடியை ஏற்றிவிட்டுச் சாப்பிட்டபடியே மூன்று மணி நேரம் யானைகளைப் பார்த்தோம். யாரும் கிளப்பவில்லை. முகாம் வாசலில் உள்ள வரைபடத்தில் அன்று சிங்கமும் சிறுத்தையும் எங்கே தென்பட்டன என்று வருகிறவர்களே வண்ணக் காந்தங்களை ஒட்டி வைக்கிறார்கள். மாலையில் அதன் முன் நின்று முன்பின் தெரியாதவர்களோடு பேசுவது மகிழ்ச்சியான வழக்கம்.

குறையும் உண்டு. நம் கண் பழகாத கண். ஓட்டுநர்-வழிகாட்டி இருந்தால் கண்டுபிடித்துத் தருவதில் பாதிகூட நமக்குத் தெரியாமல் கடந்துவிடும். சிறு கார் தாழ்வாக இருப்பதால் புல் மறைக்கிறது. அதனால் புல் காய்ந்து குட்டையாகும் ஜூன் முதல் செப்டம்பர் வரைதான் போக வேண்டும். வசதி இருந்தால் கடைசி இரண்டு இரவை வேலியின்றி க்ரூகரோடு இணைந்த சாபி சாண்ட் தனியார் காப்பகத்தில் வைத்துக்கொள்ளலாம். அங்கே தடம் பார்ப்பவர் வண்டியின் முன்னே தனி இருக்கையில் அமர்ந்து மண்ணில் காலடியைப் படித்துக்கொண்டே சிறுத்தையிடம் கூட்டிச் செல்கிறார். ஆனால் அங்கே இரண்டு இரவின் விலையில் க்ரூகர் முகாமில் ஒரு குடும்பம் பல நாள் இருந்துவிடலாம். முதல்முறை போகிறவர்களுக்கும், நாள் கணக்கைவிடப் பணக் கணக்கு முக்கியமானவர்களுக்கும் நான் க்ரூகரையே சொல்வேன்.

சாப்பாட்டைப் பற்றிக் கவலைப்படுகிறவர்களுக்கு: கிழக்கு ஆப்பிரிக்காவில் குஜராத்திகள் பல தலைமுறைகளாக வாழ்வதால் சைவம் என்றால் என்ன என்று விடுதிச் சமையற்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. சுவாஹிலியிலும் சப்பாத்தி சப்பாத்திதான், சாய் என்றால் தேநீர்தான். அம்மாவை ஓட்டுநர் 'மாமா' என்றே மரியாதையோடு அழைத்தார். அந்த மொழியில் மாமா என்றால் அம்மா என்று அறிந்ததும் அம்மாவுக்கு அவர்மேல் தனிப் பாசம் வந்துவிட்டது. பிளாஸ்டிக் பைகளுக்குக் கென்யாவில் 2017 முதலும் தான்சானியாவில் 2019 முதலும் தடை உள்ளது. நம் வழக்கப்படி ஒவ்வொன்றையும் கவரில் சுற்றி அடுக்காமல் துணிப்பைகளில் கட்டுங்கள். கென்யா வழியாகப் போனால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று கட்டாயம் வேண்டும். தான்சானியாவுக்குள் நுழையும்போதும், இந்தியா திரும்பும்போதும் அதைக் கேட்பார்கள். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்தே சான்று செல்லுபடியாகும் என்பதால், கிண்டி கிங் நிலையம் போன்ற அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் ஒரு மாதம் முன்பே முடித்துவிடுங்கள். மலேரியா மாத்திரையை மருத்துவரிடம் கேட்டுத் தொடங்குங்கள்.

ஓர் எளிய கணக்கும் சொல்கிறேன். எட்டு இரவுகள் இருந்தால் மூன்று காடுகளுக்கு மேல் வேண்டாம்; ஆறு இரவுகள்தான் என்றால் இரண்டு போதும். பிப்ரவரி என்றால் ண்டுட்டு மூன்று, செரொனேரா இரண்டு, கொரோங்கோரோ ஒன்று; கொரோங்கோரோ போகிற வழியிலேயே இருப்பதால் அதை மூன்றாவது காடாக நான் எண்ணவில்லை. ஆகஸ்ட், செப்டம்பர் என்றால் தரங்கிரே மூன்று, கொகட்டெண்டே மூன்று. ஜன்னலோர இருக்கை ஒவ்வொருவருக்கும் உண்டா, கூரை திறக்குமா, வண்டி நமக்கு மட்டுமா, நாளொன்றுக்கு எத்தனை கிலோமீட்டர் என்ற வரம்பு உண்டா என்பவற்றை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். விடுதியின் நீச்சல்குளத்தைவிட இவை முக்கியமானவை.

வரும் செப்டம்பரில் தரங்கிரேவுக்கு மட்டும் நான்கு இரவுகள் பதிவு செய்திருக்கிறோம். வேறு எங்கும் போகவில்லை. ஓட்டுநரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டோம்: ஆற்று மணலில் யானை ஊற்றுத் தோண்டத் தொடங்கினால், அதன் குட்டி குடித்து முடிக்கும்வரை வண்டி நகரக்கூடாது.